தன்னைக் காத்துக்கொள்ள இன்னொருவரைத் தேடியவர்



கப்பர்நாகும் ஊரில் முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி வந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், வீட்டின் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நிகழ்ச்சி நம் அனைவருக்கும் தெரியும். தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையைக் கண்டே இயேசு அவரிடம் பேசினார் என்று மாற்கு நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். அந்த நால்வரும் நல்ல உடல்நலம் உள்ளவர்கள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். அவர்களுள் ஒருவர் முன்பு அதே படுக்கையில் கிடந்து எழுந்தவராக இருந்திருந்தால், அவர் எவ்வளவு பரிவோடு தூக்கியிருப்பார்!

போதைக்கு அடிமையானவர்களின் மீட்பில் இது வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,07,000க்கும் அதிகமானோர் போதைப்பொருள் அளவு மீறியதால் இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய 80,000 பேர் ஹெராயின், ஃபென்டனில் போன்ற அபின் வகைப் பொருள்களால் இறந்தவர்கள். அதே நாட்டில் அபினிலிருந்தும் குடியிலிருந்தும் மீண்டவர்கள் சிறு குழுக்களாகக் கூடி, ஒருவரை ஒருவர் தாங்கிப்பிடித்து வாழ்கிறார்கள். இத்தகைய குழுக்களுக்கு வழி திறந்தவர் பில் வில்சன். அவர் புனிதரும் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர். ஆனாலும் அவரது வாழ்வில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மதுக்கடைக்குப் பின்னால் ஒரு பிறப்பு

1895ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டார்செட் என்னும் சிற்றூரில் பில் பிறந்தார். அவருடைய பாட்டி நடத்திவந்த விடுதியில், மது விற்கும் பகுதிக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில்தான் அவர் பிறந்தார் என்பது ஒரு வியப்பான செய்தி. தந்தை கல்குவாரியில் வேலை பார்த்தவர். பில்லுக்குப் பத்து வயது இருக்கும்போது பெற்றோர் பிரிந்தனர். தந்தை தொலைதூரம் போய்விட்டார். தாய் மருத்துவம் படிக்கப் பாஸ்டன் நகருக்குப் போனார். பில்லும் தங்கையும் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தனர்.

ஆஸ்திரேலியாவின் பழங்குடியினரைத் தவிர வேறு யாராலும் பூமராங் செய்ய முடியாது என்று தாத்தா ஒருநாள் சொன்னார். சிறுவன் பில் ஆறு மாதம் மரத்தைச் செதுக்கிச் செதுக்கி, எறிந்தால் திரும்பி வரும் பூமராங்கைச் செய்தே முடித்தான். எதிலும் முதலாவதாக வர வேண்டும் என்ற வெறி அன்றே அவனுக்குள் புகுந்துவிட்டது. 1912இல், அவர் பள்ளியில் படிக்கும்போது, அவர் நேசித்த பெண் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் திடீரென இறந்துபோனார். பில் மனம் உடைந்து, படிப்பையும் தொடர முடியாமல் பல மாதங்கள் துயரத்தில் மூழ்கினார். இந்த மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் அவரை அவ்வப்போது தாக்கியது.

முதல் உலகப்போரின்போது இளம் இராணுவ அதிகாரியாக இருந்த அவர், ஒரு விருந்தில் முதன்முதலாக மது அருந்தினார். கூச்ச சுபாவம் உள்ள அவருக்கு அந்தக் கணத்தில் எல்லாரோடும் கலந்து பழகும் தைரியம் வந்ததாகத் தோன்றியது. தாம் தனியாள் இல்லை என்ற உணர்வு வந்தது. தனிமையைப் போக்க வந்த மது, பின்னாளில் அவரை முழுத் தனிமையில் தள்ளியது. ஹெராயின் ஊசியையோ வலிமாத்திரையையோ முதன்முதலாக எடுத்துக்கொண்ட பலரும் இதே அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள்.

1918ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் லோயிஸ் என்னும் பெண்ணை மணந்தார். போருக்குப் பின் நியூயார்க் பங்குச் சந்தையில் நிறையப் பணம் ஈட்டினார். பணத்தோடு குடியும் வளர்ந்தது. 1929இல் பங்குச் சந்தை சரிந்தபோது எல்லாம் போயிற்று. புரூக்ளினில் மாமனார் வீட்டில் ஒண்டி வாழ, மனைவி ஒரு பெரிய கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பில் அவருடைய பணப்பையிலிருந்து திருடிக் குடித்தார். இனிக் குடிப்பதில்லை என்று குடும்ப விவிலியத்தில் எழுதிக் கையொப்பமிட்ட வாக்குறுதிகளும் நிலைக்கவில்லை.

நண்பர் ஒருவர் கதவைத் தட்டினார்

குடிநோயாளருக்கான டவுன்ஸ் மருத்துவமனையில் அவர் மீண்டும் மீண்டும் சேர்க்கப்பட்டார். அங்கிருந்த மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த், குடி என்பது மனவலிமைக் குறைவு அன்று, உடலையும் மனத்தையும் பிடித்த நோய் என்று விளக்கினார். அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலரே. தாம் கெட்டவர் அல்லர், நோயாளி என்று கேட்டபோது பில்லின் மனம் சற்று ஆறியது. ஆனால் நோயைப் பற்றி அறிந்தது மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. வெளியே வந்தார், மீண்டும் குடித்தார்.

1934ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், எபி தாச்சர் என்னும் பழைய குடிகார நண்பர் பில்லைப் பார்க்க வந்தார். சமையலறை மேசையில் பில் மதுவை ஊற்றி நீட்டினார். எபி வேண்டாமென்று மறுத்துவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற ஒரு கிறிஸ்தவ இயக்கத்தில் தம் வாழ்வை இறைவனிடம் ஒப்படைத்து, பாவங்களை அறிக்கையிட்டு, தீங்கிழைத்தவர்களுக்கு ஈடுசெய்து வருவதாகக் கூறினார். அவர் போதிக்கவில்லை, தமக்கு நடந்ததைச் சொன்னார். மருத்துவரும் மனைவியும் பலமுறை சொல்லியும் கேளாத பில்லின் உள்ளத்தில், தம்மைப் போலவே விழுந்து கிடந்த ஒருவர் சொன்னது தைத்தது.

டிசம்பர் 11ஆம் நாள் பில் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே ஒருநாள், மனம் முற்றிலும் உடைந்த நிலையில் இறைவனை நோக்கிக் கதறினார். அறை முழுவதும் ஒளி நிரம்பியதாகவும் பேரமைதி சூழ்ந்ததாகவும் உணர்ந்தார். தமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அஞ்சி மருத்துவரைக் கேட்டார். கிடைத்ததை விட்டுவிட வேண்டாம் என்று மருத்துவர் அறிவுரை கூறினார். அதன் பிறகு பில் இறக்கும் வரை மது அருந்தவில்லை.

ஆக்ரன் நகரில் ஒரு தொலைபேசி

இத்தோடு கதை முடிந்திருந்தால், இது தனி மனிதர் ஒருவரின் மனமாற்றமாகவே இருந்திருக்கும். பில் ஐந்து மாதங்கள் குடிநோயாளர்களைத் தேடித் தேடிப் போனார். தமது பேரொளி அனுபவத்தை அவர்களுக்குப் போதித்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. சோர்ந்துபோன பில்லிடம், நீங்களாவது குடிக்காமல் இருக்கிறீர்களே என்று லோயிஸ் நினைவூட்டினார். போதனையைக் குறைத்து முதலில் நோயைப் பற்றிப் பேசும்படி சில்க்வொர்த் ஆலோசனை கூறினார்.

1935ஆம் ஆண்டு மே மாதம் ஒரு தொழில் விவகாரமாக ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போனார். வந்த காரியம் தோற்றுப்போனது. கையில் பணமில்லை, தெரிந்தவர் இல்லை. மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் தனியே நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறு பக்கம் ஊரிலுள்ள ஆலயங்களின் பெயர்ப் பட்டியலும் தொலைபேசியும். அந்த நேரத்தில் அவருக்கு ஓர் உண்மை புரிந்தது. ஐந்து மாதம் யாரையும் அவர் காப்பாற்றவில்லை என்பது சரி. ஆனால் காப்பாற்ற முயன்றதால்தான் அவர் காப்பாற்றப்பட்டிருந்தார்! இப்போதும் குடிக்காமலிருக்க அவருக்கு இன்னொரு குடிநோயாளி தேவைப்பட்டார்.

அவர் ஒரு போதகரை அழைத்தார். அந்தத் தொடர்பு வழியாக, மே 12ஆம் நாள், அன்னையர் தினத்தன்று, பாப் ஸ்மித் என்னும் அறுவை சிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். 55 வயதான டாக்டர் பாப் குடியால் தொழிலையும் பெயரையும் இழந்துகொண்டிருந்தவர். பதினைந்து நிமிடம் மட்டுமே இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். ஏனென்றால் பில் அவருக்கு அறிவுரை கூறவில்லை. தம் சொந்தக் கதையைச் சொன்னார். தமக்காகவே வந்திருப்பதாக ஒப்புக்கொண்டார். கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவு அங்கே இல்லாமற்போயிற்று.

அதற்குப் பிறகும் டாக்டர் பாப் ஒருமுறை தவறி விழுந்தார். பில் அவரைக் கைவிடவில்லை. 1935ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தார். அந்த நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் இயக்கம், பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. உடனே இருவரும் நகர மருத்துவமனைக்குப் போய், கட்டிலில் கட்டப்பட்டிருந்த ஒரு வழக்கறிஞரைச் சந்தித்தனர். அவர் மூன்றாமவர் ஆனார். 1937இல் எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய 40 பேர் குடியை விட்டிருந்தனர். அவர்களது அனுபவம் பன்னிரண்டு படிகளாக 1939இல் நூலாக வெளிவந்தது. தன்னால் முடியாது என்று ஒப்புக்கொள்வதில் தொடங்கி, இறைவனிடம் ஒப்படைத்தல், தன்னையே ஆய்வு செய்தல், அறிக்கையிடுதல், ஈடுசெய்தல், செபித்தல் என்று சென்று, துன்புறும் இன்னொருவருக்கு உதவுவதில் அது முடிகிறது.

ஓர் அருட்சகோதரியும் ஓர் இயேசு சபைக் குருவும்

இந்தப் பயணத்தில் நமது திருச்சபையின் இரண்டு பேர் அவரோடு நடந்தார்கள். ஆக்ரன் புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. அவரே முன்பு கடும் நரம்புத் தளர்ச்சியால் நொறுங்கி மீண்டவர். குடிநோயாளர்களை மருத்துவமனைகள் சேர்க்க மறுத்த காலத்தில், 1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள், இரைப்பை அழற்சி என்று பதிவேட்டில் எழுதி, டாக்டர் பாப்பின் நோயாளி ஒருவருக்கு இடம் கொடுத்தார். அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறைய 5,000 பேர் அங்கே சிகிச்சை பெற்றனர். வீடு திரும்புவோருக்கு அவர் இயேசுவின் திரு இருதய அடையாளச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க நினைத்தால் முதலில் வந்து இதைத் திருப்பிக் கொடுங்கள் என்பது அவரது நிபந்தனை.

1940ஆம் ஆண்டு கடைசியில், மழை கொட்டிய ஒரு குளிர்கால இரவில், மூட்டுவாதத்தால் வளைந்த உடலோடு, கைத்தடி ஊன்றி ஓர் இயேசு சபைக் குரு நியூயார்க்கில் பில்லைத் தேடி வந்தார். அவர் அருட்தந்தை எட்வர்டு டவுலிங். பன்னிரண்டு படிகளில் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளின் சாயலைக் கண்டு வியந்து வந்திருந்தார். பில் இஞ்ஞாசியாரைப் பற்றி ஒன்றும் அறியாதவர். அன்றிரவு தம் பாவங்கள், தோல்விகள், மனச்சோர்வு அனைத்தையும் அவரிடம் கொட்டினார். அருட்தந்தை 1960இல் இறக்கும்வரை அவரே பில்லின் ஆன்ம வழிகாட்டி. ஆயிரக்கணக்கானோரைத் தாங்கியவருக்கும் தம்மைத் தாங்க ஒருவர் வேண்டியிருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. பின்னாளில் பேராயரான ஃபுல்டன் ஷீன் அவர்களிடம் பில் மறைக்கல்வியும் பெற்றார். ஆனால் திருச்சபையில் சேரவில்லை.

அபினுக்கு அடிமையானவர்கள்

குடியோடு மாத்திரை, மார்ஃபின், ஹெராயின் ஆகியவற்றுக்கும் அடிமையானவர்கள் குழுக்களைத் தேடி வரத் தொடங்கினர். கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் இருந்த அரசு மருத்துவமனையில் 1947ஆம் ஆண்டிலேயே போதை நோயாளிகள் இதே முறையில் கூடினர். 1953இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் என்ற தனி இயக்கம் உருவாயிற்று. பன்னிரண்டு படிகளைப் பயன்படுத்திக்கொள்ள அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. முதல் படியில் மது என்ற சொல் இருந்த இடத்தில் அவர்கள் அடிமைத்தனம் என்ற சொல்லை வைத்தனர். எந்தப் பொருள் என்பது முக்கியமன்று, கட்டுண்ட நிலையே நோய் என்பது அதன் பொருள்.

பில் 1958இல் இதுபற்றி எழுதினார். மது நோயாளர் குழுக்கள் மதுவோடு நிற்கட்டும், மற்றப் போதைகளுக்குத் தனிக் குழுக்கள் அமையட்டும், நம் உறுப்பினர்கள் அவற்றுக்குத் துணை நிற்கட்டும் என்பது அவர் கருத்து. இது புறக்கணிப்பு அன்று. ஒரே துன்பத்தைக் கடந்தவர் சொல்வதில்தான் துன்புறுபவர் தம்மைக் காண்கிறார் என்பதை அவர் ஆக்ரனிலேயே கற்றிருந்தார்.

அபின் வகைப் பொருளை நிறுத்தியவருக்கு நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை, எலும்பெல்லாம் வலி என்று சில நாள்கள் உடல் வதைபடுகிறது. அது தணிந்த பிறகும் ஏக்கம் மாதக்கணக்கில் நீடிக்கிறது. பழைய நண்பர்கள் எல்லாரும் போதை நண்பர்கள். குடும்பம் நம்புவதில்லை. மாலை ஆறு மணிக்கு எங்கே போவது, யாரோடு பேசுவது என்றே தெரியாது. குழு அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. நடு இரவில் ஏக்கம் எழும்போது அழைக்க ஒரு தொலைபேசி எண் கிடைக்கிறது. வெட்கமின்றி உண்மை பேச ஓர் இடம் கிடைக்கிறது. சில மாதங்களில் புதிதாக வரும் ஒருவருக்கு நாற்காலி எடுத்துப்போட்டுத் தேநீர் கொடுக்கும் பொறுப்பும் கிடைக்கிறது. யாருக்கும் பயன்படாதவன் என்று தன்னை எண்ணியவர், தன் காயமே இன்னொருவருக்கு மருந்தாவதைக் காண்கிறார்.

குழு மட்டும் போதுமா?

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அபின் நோயில் மருந்தைத் தள்ளிவைப்பது உயிருக்கே ஆபத்து. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் மருத்துவர்கள் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வான்டர் இருவரும் 1964இல் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கினர். மெத்தடோனும், பின்னால் வந்த புப்ரெனார்ஃபினும் அபின் நோயாளிகளின் இறப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கின்றன. 2005இல் உலக நலவாழ்வு நிறுவனம் இவ்விரண்டையும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சில குழுக்களில் இம்மருந்தை எடுப்பவர் இன்னும் போதையில் இருப்பவராகவே பார்க்கப்படுகிறார். நல்லெண்ணத்தோடுதான் மருந்தை விட்டுவிடச் சொல்கிறார்கள். விட்டவரின் உடல், முன்பு தாங்கிய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. ஒருமுறை தவறினால் பழைய அளவே அவரைக் கொன்றுவிடக்கூடும்.

இந்தச் சிக்கலுக்குப் பில்லின் வாழ்விலேயே பதில் இருக்கிறது. மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கிய அதே டாக்டர் டோல், குடிநோயாளராக இல்லாதபோதும், பில்லின் இயக்கத்தில் அறங்காவலராகப் பணியாற்றியவர். தம்மை ஏன் அழைத்தார்கள் என்றுகூட அவர் ஐயுற்றதுண்டு. இருவரும் கடைசியாகச் சேர்ந்து கலந்துகொண்ட கூட்டத்தின்போது, பில் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். குழுவுக்கு வந்தும் நிலைக்காமல் போனவர்களை, வராமலே இறந்தவர்களை நினைத்து அவர் கலங்கினார். அபின் நோயாளிகளுக்கு மெத்தடோன் உதவுவதுபோல் குடிநோயாளிகளுக்கும் ஒரு மருந்தைக் கண்டுபிடிக்க முயலுமாறு டோலைக் கேட்டுக்கொண்டார். உலகமே புகழ்ந்த இயக்கத்தைத் தொடங்கியவர், அதற்குள் அடங்காத ஆடுகளைப் பற்றியும் கவலைப்பட்டார். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயரின் மனம் இதுவன்றோ! குழுவின் நண்பர்களும் மருத்துவரின் மருந்தும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. படுக்கையின் வெவ்வேறு முனைகளைத் தூக்குபவை.

இயக்கத்தின் பெயர் இல்லாத கல்லறை

பில் குறைகள் நிறைந்த மனிதர். 1940களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கு மேலாகக் கடும் மனச்சோர்வில் தவித்தார். மதுவை வென்றவரால் புகைப்பழக்கத்தை எளிதில் விட முடியவில்லை. நுரையீரல் நோய் அவரை வாட்டியது. ஆனால் புகழைத் தேடிய அந்தச் சிறுவன் மெல்ல மெல்லப் புகழை விடக் கற்றுக்கொண்டார். 1954இல் யேல் பல்கலைக்கழகம் வழங்க முன்வந்த மதிப்புறு பட்டத்தை ஏற்க மறுத்தார். 1955இல் செயின்ட் லூயிஸ் நகர மாநாட்டில் இயக்கத்தின் தலைமையை உறுப்பினர்களிடமே ஒப்படைத்தார். லோயிஸ் 1951இல் குடிநோயாளர் குடும்பத்தாருக்காக அல்-அனான் குழுக்களை ஒருங்கிணைத்தார். ஏனெனில் ஒருவர் அடிமையானால் வீடு முழுவதும் நோயுறுகிறது.

1971ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், அவர்களது 53ஆவது திருமண நாளன்று, பில் மயாமி நகரில் இறந்தார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறையில் இயக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இன்று உலகில் ஏறக்குறைய 180 நாடுகளில் அவருடைய இயக்கத்தினர் கூடுகிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் போதைக்கு அடிமையான பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் நாம் அதை மறைக்கிறோம். அல்லது சத்தியம் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறோம். பில்லும் எத்தனையோ சத்தியம் செய்தவர்தாம். அவரைக் காப்பாற்றியது சத்தியம் அன்று, ஒரு நண்பரின் வருகை. எனவே அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மருந்து தரப்பட்டால் அதைக் குறைகூறாமல் இருப்போம். மீண்டவர்கள் கூடும் குழுவுக்கு முதல் நாள் நாமே உடன் செல்வோம். அக்குழுக்கள் கூட நம் பங்கு மன்றங்களில் ஓர் அறையைத் திறந்து வைப்போம். போதையிலிருந்து மீண்டவர்கள் நம்மிடையே இருந்தால், அவர்களது கடந்த காலத்தைப் பேசிக் காயப்படுத்தாமல், இன்னொருவரைத் தூக்க அவர்களது உதவியைக் கேட்போம்.

படுக்கையைத் தூக்க இன்னும் ஆள்கள் தேவைப்படுகிறார்கள். முன்பு அதில் கிடந்தவர்களின் கைகளுக்கும் அங்கே இடம் கொடுப்போம். இறைவன் நம் முயற்சிகளை ஆசீர்வதிப்பாராக!